நாடாவின் எண்ணில்லாத பக்கம்

2025 ஜூலை 1, செவ்வாய்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில் இன்று கர்ப்பிணித் தாய்மார் கிளினிக். எங்கள் மூத்த மருத்துவிச்சி பெரிய மிஸ் அளந்தபோது அந்தத் தாயின் வயிறு 31 சென்டிமீட்டர். நான் அளந்தபோது 29. அதே நாடா, அதே வாங்கு, இடையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இருவருமே கற்றுக்கொடுத்த முறைப்படிதான் அளந்தோம். பெரிய மிஸ் என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். "ரெண்டையும் எழுதி வை, பிறகு பேசுவோம்" என்றார்.

நாடாவின் கீழ் முனைக்குப் பிரச்சினை இல்லை. அடிவயிற்றின் கீழே இருக்கும் எலும்பின் மேல் விளிம்பு, விரல் பட்டவுடனே இன்ன இடம் என்று தெரிந்துவிடும். மேல் முனைக்குத்தான் எலும்பில்லை. கருப்பையின் உச்சி ஒரு வளைவு. அதற்கு மேலே தசை, கொழுப்பு, தோல். தாய் மூச்சை இழுத்தால் அது அசையும். கருப்பை இறுகினால் உருண்டு எழும்பும். குழந்தை காலை நீட்டினால் ஒரு பக்கம் புடைக்கும். இடது கையின் சுண்டுவிரல் ஓரத்தை நெஞ்சுக்குழியிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, எதிர்ப்பு தட்டும் முதல் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த முதல் இடம் எது? பெரிய மிஸ்ஸின் கை லேசாக இறங்கும், சீக்கிரம் நிற்கும். என் கை கொஞ்சம் அழுத்தி இறங்கும், தாமதித்து நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

இரண்டு சென்டிமீட்டர் சின்ன விஷயமில்லை. 24 வாரத்துக்குப் பிறகு வாரக் கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறிவரும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அதையும் தாண்டினால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தாய்க்கு 31 வாரம். பெரிய மிஸ்ஸின் கையில் அவர் நடுக்கோட்டில் நிற்கிறார், என் கையில் எல்லையில் நிற்கிறார். இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன். பதுளைக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு. நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய், அதற்கு மேலே பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, கூட வருகிற ஆளின் பேர். அளக்கிற கைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அளக்கிற அந்த நொடியில் இது எதுவும் கைக்குள் வரக் கூடாது.

2025 ஜூலை 4, வெள்ளி

வீட்டுப் பார்வைக்கு மேல் லயத்துக்கு ஏறினேன். கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. நமுனுகுலைப் பக்கம் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. இந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும் என்று வெளிநாட்டு வியாபாரிகள் காத்திருப்பார்கள். மலையில் நிற்கிற பெண்களுக்கோ கொழுந்து குறையும் காலம், கிலோ சேராத காலம்.

கடைசிக் காம்பராவின் ஸ்தோப்பில் ஓர் அம்மாயி இருக்கிறார். ஒரு காலத்தில் இந்த லயத்துப் பிள்ளைகள் பலர் அவர் கையில்தான் பிறந்தார்கள். எப்படி மாதக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"தொப்புளத்தான் பாக்குறது புள்ள. தொப்புளுக்கு மேல எத்தன விரக்கடைன்னு வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். ஆனா எல்லாப் பொம்பளைக்கும் தொப்புளு ஒரே எடத்துலயா இருக்கு?"

பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக்கொண்ட விஷயம் இது. 12 வாரத்தில் கருப்பையின் உச்சி அடிவயிற்றெலும்புக்குச் சற்று மேலே எட்டிப் பார்க்கும், 20 வாரம் அளவில் தொப்புளுக்கு வரும், 36 வாரத்தில் நெஞ்சுக்குழியைத் தொடும். கேட்க அழகான கணக்கு. ஆனால் எலும்பிலிருந்து தொப்புளுக்குள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். தொப்புள் தோலில் இருக்கிறது, தோல் இழுபடும். அடுத்தடுத்துப் பெற்ற வயிற்றில் அது இன்னும் தளர்ந்து இறங்கும். விரற்கடையும் அளக்கிறவரின் விரலைப் பொறுத்தது. அம்மாயியின் விரல் என் விரலைவிடத் தடிமன்.

இந்தச் சிக்கலுக்காகத்தான் நாடா வந்தது. 1906இல் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் ஒரு விதி எழுதினார்: எலும்பிலிருந்து உச்சி வரை வளைவோடு அளந்த சென்டிமீட்டரை இரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் 28 நாள் மாதக் கணக்கில் கர்ப்பம். எட்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் வாரக் கணக்கு. 1978இல் ஆர்ஜென்டினாவில் பெலிசான் என்பவரும் கூட இருந்தவர்களும் இதே நாடாவை வேறொரு கேள்விக்குத் திருப்பினார்கள். எத்தனை மாதம் என்பதை விட்டுவிட்டு, குழந்தை ஒழுங்காக வளருகிறதா என்று பார்த்தார்கள். ஒரு தாயைத் திரும்பத் திரும்ப அளந்து கோடு போட்டால், கோடு படுத்துக்கொள்ளும் இடத்தில் குழந்தை பின்தங்குகிறது என்று பிடிக்கலாம். நம் எச். 512 கர்ப்பகால அட்டையில் இருக்கும் வளைகோட்டுக்கும் அடிப்படை அந்த எண்ணம்தான்.

அம்மாயி கடைசியாகச் சொன்னதையும் எழுதி வைக்கிறேன். "ஒரு தரம் பாத்து ஒண்ணும் சொல்ல மாட்டேன். போன மாசம் எங்க இருந்துச்சு, இந்த மாசம் எங்க வந்துச்சுன்னுதான் பாப்பேன்." பெலிசானின் கட்டுரையை அவர் படித்திருக்க வழியில்லை.

2025 ஜூலை 10, வியாழன், எசல போயா

தம்பி பேராதனையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். விலங்கியல் படிக்கிறான். ஆற்று மீன்களைப் படம் பிடித்து, கணினியில் புள்ளி வைத்து, உருவத்தை ஒப்பிடுவதுதான் அவனுடைய ஆய்வு. இரவு தேத்தண்ணியோடு உட்கார்ந்து பேசியதில் என் வேலைக்கும் அவன் வேலைக்கும் ஒரே நோவுதான் என்று தெரிந்தது.

"அக்கா, துடுப்பு உடம்போட சேருற எடம், கண்ணோட நடு, வாய் நுனி, இதெல்லாம் லேசு. யார் வச்சாலும் புள்ளி ஒரே இடத்துலதான் விழும். வயித்து வளைவுதான் கஷ்டம். அங்க பிடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

ஃபிரெட் புக்ஸ்டைன் என்ற அறிஞர் 1991இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அடையாளப் புள்ளிகளை மூன்றாகப் பிரித்தாராம். திசுக்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடம் முதல் வகை, இதுதான் உறுதியானது. வளைவு மிகக் கூர்மையாகத் திரும்பும் இடம் இரண்டாவது. வேறொரு புள்ளியிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பதால் மட்டும் புள்ளியானது மூன்றாவது. அந்த மூன்றாவதற்குச் சொந்தமாக ஓர் இடம் கிடையாது. எங்கிருந்து அளக்கிறோமோ அதைப் பொறுத்து அது நகரும்.

கருப்பையின் உச்சி அந்த மூன்றாம் வகை. தம்பி சொன்னதும் உடனே புரிந்தது. பெரிய மிஸ்ஸும் நானும் ஒரு புள்ளியைத் தேடவில்லை. ஒரு வளைவு எங்கே முடிகிறது என்று ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

மீனின் வயிற்றுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். உறுதியான இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைவின் மேல் சம இடைவெளியில் புள்ளிகளைத் தூவுவார்களாம். பிறகு அந்தப் புள்ளிகளை வளைவின் வழியே முன்னும் பின்னும் நகரவிட்டு, ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்குப் போகும்போது உருவம் ஆகக் குறைவாக வளையும்படி பொருத்துவார்கள். வளைவின் நெடுக அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்பதற்கு அர்த்தமில்லை, வளைவு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதற்குத்தான் அர்த்தம். புக்ஸ்டைனே 1997இல் இந்த வழியை விரித்து எழுதியிருக்கிறார். இதற்கெல்லாம் முன்னோடி டார்சி தாம்சன். 1917இல் முள்ளம்பன்றி மீனின் படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டத்தை வளைத்து, அதைச் சூரிய மீனாக மாற்றிக் காட்டினார். தம்பி அந்தப் படத்தைப் போனில் காட்டினான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதிலிருந்து கிடைத்தது ஒன்று. மென்மையான திசுவில் எந்தத் திசையில் பிழை வந்தால் பரவாயில்லை, எந்தத் திசையில் வரக் கூடாது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கருப்பை பெரும்பாலும் வலப் பக்கம் சாய்ந்திருக்கும். நாடாவை அதன் நீள அச்சில் வைக்க வேண்டும், தொப்புளைத் தொட வேண்டும் என்பதற்காக நடுவுக்கு இழுக்கக் கூடாது என்று ஏன் சொல்லித் தந்தார்கள் என்பது இன்றுதான் மனதில் படிந்தது.

2025 ஜூலை 14, திங்கள்

சாதாரண தையல் நாடாவில் இரு பக்கமும் எண் இருக்கும், ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறு பக்கம் அங்குலம். அங்குலப் பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி மறைத்துவிட்டேன். இனி சென்டிமீட்டர் பக்கம் தோலைப் பார்க்கும், என் கண்ணுக்கு வெள்ளை மட்டும்தான் தெரியும். உச்சியில் நுனியைப் பிடித்து, வளைவோடு இறக்கி, எலும்பில் நகத்தால் குறித்து, அப்புறம்தான் திருப்பிப் பார்ப்பேன். உறுதியில்லாத முனையிலிருந்து உறுதியான முனைக்கு, இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அட்டையில் 32 வாரம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாடாவைப் பார்த்தால் விரல் தானாகவே 32க்குப் பக்கத்தில் போய் நிற்கும். 2007இல் ஜெல்க்ஸ் என்பவரும் சக மருத்துவர்களும் இதைச் சோதித்து எழுதினார்கள். வாரம் தெரிந்து, எண்ணும் தெரிந்தால், அளவு எதிர்பார்ப்பின் பக்கம் சாய்கிறது. அது பொய் சொல்வதல்ல. எல்லை இல்லாத இடத்தில் கை ஓர் எல்லையைத் தேடுகிறது, அட்டையில் இருக்கும் எண் அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது, மெலிந்த தாய்மாருக்கெல்லாம் கேடு செய்கிற காரியம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை மேலே தள்ளப்படும், அளவு கூடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூடக் கூடலாம். அளப்பதற்கு முன் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும் என்பது விதி. எங்கே போவது? இந்தக் கிளினிக் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. லயத்துக் கழிப்பறைக்குப் படி இறங்கிப் போய், திரும்ப ஏறிவர வேண்டும். ஏழு மாத வயிற்றோடு யார் போவார்? காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வரிசையில் இருக்கிறார்கள். "வேணாம் மிஸ், அவசரமில்ல" என்கிறார்கள்.

இந்தப் பிழைக்கு ஒரு திசை இருக்கிறது. எப்போதும் கூட்டித்தான் காட்டும். அதாவது சின்னக் குழந்தையை ஒளித்துவைக்கும். தண்ணீர் வராத ஒரு குழாய், ஒரு குழந்தையை நலமாக இருப்பதுபோல் எழுதவைத்துவிடும். இதை நினைத்து இன்று முழுதும் வயிறு எரிந்தது.

2025 ஜூலை 17, வியாழன்

30 வாரத்தில் 29. 32 வாரத்தில் 30. இன்று 34 வாரம், நாடாவைத் திருப்பினேன், 30.

மேல் லயத்துத் தாய் ஒருவர், இரண்டாவது பிள்ளை. மெலிந்த உடம்பு, உயரம் 147. ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்திருப்பதால் வாரக் கணக்கில் சந்தேகமில்லை. கர்ப்பம் தொடங்கிய அந்த எல்லையும் வழுக்கியிருந்தால் நாடா என்ன சொன்னாலும் வீண். பெரிய மிஸ்ஸைக் கூப்பிட்டேன். எண்ணைச் சொல்லவில்லை. அவரும் பிளாஸ்டர் ஒட்டிய நாடாவால் அளந்தார், 31. எங்கள் கைகள் இன்னும் ஒன்றாகவில்லை, ஆனால் இரண்டு கையும் ஒன்றைத்தான் சொல்கின்றன: கோடு படுத்துவிட்டது.

அறையில் இருந்த ஒருவர் சொன்னார், "தோட்டத்து ஆளுங்களுக்கு வயிறு சின்னதாத்தான் இருக்கும், பயப்படாதீங்க." ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. இரவு வந்து எழுதும்போதும் கை நடுங்குகிறது.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில் நாடு முழுதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32. எடை குறைந்து பிறப்பதும் இங்கேதான் கூட. இன்று 147 சென்டிமீட்டரில் என் முன்னால் படுத்திருந்தவர், ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கணக்கொன்றில் ஒரு பிள்ளையாக இருந்திருப்பார். அவர் குட்டையாக இருப்பது அவர் சாதியும் இல்லை, ரத்தமும் இல்லை.

இது அறிவியலிலேயே முடிவாகாத சண்டை. 1990களின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் ஜேசன் கார்டோசி முதலானோர் தாயின் உயரம், எடை, இனம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, தாய்க்குத் தாய் வேறு வளைகோடு போட வேண்டும் என்று வாதிட்டார்கள். இயல்பாகவே சின்னதாக இருக்கும் குழந்தையை வீணாக நோயாளியாக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம். இன்டர்குரோத் 21 என்ற ஆய்வு எதிர்ப்பக்கம் நின்றது. இந்தியாவின் நாக்பூர் உட்பட எட்டு நாடுகளில் எட்டு இடங்களில், ஊட்டத்தோடு நலமாக இருக்கும் தாய்மாரை மட்டும் எடுத்து, எண் மறைத்த நாடாவால் அளந்து, 2016இல் ஒரே வளைகோட்டை வெளியிட்டது. அதில் சேர்வதற்குத் தாயின் உயரம் 153 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். என் தாய்மாரில் எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

முதலில் அது எனக்குக் கோபமாக இருந்தது. யோசிக்க யோசிக்க, அந்தக் கோடுதான் என் தாய்மாரின் பக்கம் நிற்கிறது என்று தோன்றுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்தால் குழந்தை எப்படி இருக்கும் என்று அது சொல்கிறது. தாயின் உயரத்துக்குத் தக்கபடி கோட்டைத் தாழ்த்தினால், தாய்க்கு நேர்ந்த பசியைக் குழந்தையின் இயல்பு என்று எழுதிவைத்த மாதிரி ஆகும். வீண் ஸ்கேன் கொஞ்சம் கூடும், சில பேர் போகும், அது தெரியும். அப்படியிருந்தும் என் கை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

பதுளைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "நாளைக்கேவா மிஸ்? சனிக்கிழம போகட்டுமா?" என்றாள். "இல்ல தங்கச்சி, நாளைக்கு. நானும் வாறேன்" என்றேன்.

2025 ஜூலை 18, வெள்ளி

முதல் பஸ்ஸில் போனோம். அவள், அவள் மாமியார், நான். மூத்த பிள்ளையை, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்தாள்.

ஸ்கேன் அறையில் நிற்க டொக்டர் அனுமதித்தார். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இயந்திரத்துக்கு மென்மையான திசு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். தலைக்கு மண்டையோட்டின் வெள்ளைக் கோடு இருக்கிறது. தொடைக்கு எலும்பு இருக்கிறது. இரண்டு முனையிலும் புள்ளி வைத்தால் முடிந்தது. ஆனால் குழந்தை பின்தங்குகிறதா என்பதை அதிகம் காட்டுவது வயிற்றின் சுற்றளவு, ஏனென்றால் ஊட்டம் குறைந்தால் முதலில் சுருங்குவது ஈரல். அந்த வயிறு முழுவதும் மென்மையான திசு, அதற்கு எலும்பு விளிம்பு கிடையாது.

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரைப்பையின் கருப்புக் குமிழ் தெரிய வேண்டும். தொப்புள்கொடி நாளம் ஈரலுக்குள் வளைந்து சேரும் இடம் தெரிய வேண்டும். முதுகெலும்பு குறுக்கே வெட்டிய மாதிரி விழ வேண்டும். மூன்றும் ஒரே சட்டத்தில் கிடைத்தால்தான் அது அளக்கத் தகுந்த தளம். விளிம்பில் அடையாளம் இல்லாதபோது உள்ளே இருக்கும் உறுப்புகளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கருவி கொஞ்சம் சாய்ந்தால் வட்டம் முட்டையாகும், எண் கூடும். அழுத்தினாலும் உருவம் நசுங்கும். டொக்டர் ஒவ்வொரு தடவையும் கருவியை எடுத்து, புதிதாக வைத்து, மறுபடி அளந்து சராசரி எடுத்தார்.

தலை, வயிறு, தொடை எண்களைச் சேர்த்து எடை சொல்லும் சூத்திரம் ஹாட்லொக் 1985இல் எழுதியது. அதிலும் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் போகலாம் என்று டொக்டரே சொன்னார். என் நாடாவின் மேல் முனையில் இருந்த மயக்கம் ஸ்கேன் திரையிலும் இருந்தது.

முடிவு: குழந்தையின் வயிற்றளவு குறைவு, எடை குறைவு. கொடியில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, நீர் போதுமான அளவு இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். மாமியார் வெளியே வந்ததும் மருமகளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இனி மலைக்குப் போக வேணாம்."

2025 ஜூலை 23, புதன்

பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளின் மேற்கைச் சுற்றளவு பார்த்தேன். தோள் எலும்பின் முனை, முழங்கை எலும்பின் முனை, இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு, கையைத் தளரத் தொங்கவிட்டு, நாடா தோலை அழுத்தாமல் சுற்றி ஓர் அளவு. 12.5க்குக் கீழே போனால் கவனம், 11.5க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. இதில் சதையின் நடுப்பகுதியை எலும்பு சொல்லித் தருகிறது, அதனால் வேலை லேசு. மேல் லயத்து மூத்த பிள்ளை 12.8. எழுதிக்கொண்டேன், அடுத்த மாதம் திரும்பப் பார்க்க வேண்டும்.

2025 ஜூலை 31, வியாழன்

இன்றைய கிளினிக்கில் பெரிய மிஸ்ஸும் நானும் தாய்மாரின் சம்மதத்தோடு ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்து, முடிந்த பிறகு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்கெல்லாம் விலகியதோ அங்கே என் கைமேல் அவர் கையை வைத்து மறுபடி இறக்கிக் காட்டினார். எவ்வளவு அழுத்தத்தில் நிற்பது என்று சொல்லால் சொல்ல முடியவில்லை, கைமேல் கை வைத்தால் முடிகிறது. மாலைக்குள் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டோம். நாடாவால் அளப்பது கையால் தடவிப் பார்ப்பதைவிடச் சிறந்தது என்று காட்ட ஆதாரம் போதாது என்றே உலக சுகாதார நிறுவனம் 2016இல் எழுதியது, எந்த முறை வழக்கமோ அதைத் தொடரலாம் என்றும் சொன்னது. எனக்கு அதில் தடையில்லை. இன்று எங்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.

மேல் லயத்துத் தங்கச்சிக்கு 36 வாரம். பதுளைக்கு இரண்டாம் தடவையும் போய்வந்துவிட்டாள், கொடி ஓட்டம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அவளுக்கு இனி நாடா பெரிதாக உதவாது. குழந்தையின் தலை இறங்க ஆரம்பித்தால் உச்சியும் இறங்கும், வளர்ச்சிக் குறைவா தலை இறங்கியதா என்று நாடாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அசைவு குறைந்தால் நேரம் பார்க்காமல் போன் பண்ணச் சொல்லி, என் நம்பரை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கழிப்பறைக் குழாய் பற்றிய கடிதம் தயார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். தண்ணீர் இல்லாததால் அளவு எப்படிக் கூடுகிறது, எந்தப் பிள்ளைகள் அதனால் கண்ணில் படாமல் போகின்றன என்று விவரமாக. ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்துக்கு, ஒன்று தோட்டத்துத் தொரைக்கு. நாளைக்குக் காலைப் பெரட்டு முடிவதற்குள் தொரையின் ஒப்பீசுக்குப் போய்க் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும்.